சாட்சிக்கு வந்த ஆறு மீன்கள்

கடலைக் காப்பாற்றுவதற்கென்றே படித்த மோகனப்ரியா, கடலில் இரண்டே தடவைதான் படகேறியிருந்தாள். இரண்டு தடவையும் வாந்தி. சாந்திபுரத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு இதுவே அதிகம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பழவேற்காட்டில் கடலோரப் பாதுகாப்பு வேலை ஒன்று காலியிருந்தது. இரண்டு வருட அனுபவக் கடிதம் கேட்டார்கள். அந்த ஒரு தாளுக்காகத்தான் ரேணிகுண்டா பக்கத்துச் சாயக் கம்பெனியில் 'சுற்றுச்சூழல் அலுவலர்' என்ற பெரிய பெயரோடு மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

மீன் சமாசாரம் இதுதான். சுத்திகரித்த தண்ணீரில் உயிர் வாழலாம் என்று காட்ட, வாசல் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் விட்டிருந்தார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் மீனைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். தொட்டியில் இருந்ததோ போர்வெல் தண்ணீர். நிஜத் தண்ணீர் பின்சுவர்க் குழாய் வழியாக ஓடைக்கும், பிறகு சுவர்ணமுகி ஆற்றுக்கும், அங்கிருந்து அவள் காப்பாற்றப்போகிற அதே கடலுக்கும் போனது.

இரண்டு வருடம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து புது அதிகாரி வருவதாகத் தகவல். மேனேஜர் கிருஷ்ணப்பா கூப்பிட்டார்.

"மேடம் கேட்டா ட்ரீட்மென்ட் தண்ணின்னு சொல்லும்மா. உன் லெட்டர் டிராயர்ல ரெடியா கீது. சைன்தான் பாக்கி."

அன்று சாயங்காலம் அப்பா கங்கையாவுக்குப் போன் போட்டாள். "நைனா, வேல போய்டும் போல கீது."

"போனா வா. தக்காளி பறிக்க ஆளே கெடைக்கல. ஆனா எம்பொண்ணு கடலக் காப்பாத்திக்கினு கீறான்னு ஊரு பூரா சொல்லி வச்சிக்கீறேன். அத மட்டும் பொய்யாக்கிடாத."

மறுநாள் அதிகாரி அலர்மேல்மங்கை தொட்டியை எட்டிப் பார்த்தார். "பாகுந்தே, அழகா இருக்கே! நல்லா கொழுத்திருக்கே. சுத்தம் பண்ண தண்ணியா?"

கிருஷ்ணப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மோகனப்ரியா அவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"இல்ல மேடம், போர்வெல் தண்ணி. நெசத் தண்ணி பின்னாடி போய்க்கினு கீது. இந்த மீன அதுல விட்டா அரமணி தாங்காது. வாங்க, காட்றேன்."

"ஏய், பைத்தியமா ஒனக்கு? லெட்டரக் கிழிச்சிடுவேன்!"

"கிழிங்க சார். கிழிச்சத ஓடைல மட்டும் போட்டுடாதீங்க."

பின்சுவரோரம் அதிகாரியின் பாட்டில் ஊதாவாக நிரம்பியது. சாம்பிள் படிவத்தில், கம்பெனி சார்பில் உடனிருந்தவர் கையெழுத்திட ஒரு கட்டம். கிருஷ்ணப்பா வரமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். மோகனப்ரியா தன் பெயர், பதவி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரியிடம் கேட்டு, அந்தத் தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் வேலை போயிற்று. ரேணிகுண்டா பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பழவேற்காட்டு விண்ணப்பத்தை நிரப்பினாள். அனுபவம் என்ற இடத்தில், 'இரண்டு வருடத்துக்குப் பதினொரு நாள் குறைவு. ஏன் குறைந்தது என்பதற்குப் படம் இணைத்துள்ளேன்' என்று எழுதி அனுப்பினாள். வேலை கிடைக்குமோ கிடைக்காதோ, அதைவிட நல்ல அனுபவக் கடிதம் அவளிடம் இல்லை.

பஸ் வந்தது. கண்டக்டர் அவள் காலடியில் இருந்த மூடி போட்ட பக்கெட்டைக் காட்டினார். "இன்னாம்மா இது?"

"ஆறு மீனு. எங்கூடத்தான் வேல பாத்துதுங்க. இன்னிக்கி நாங்க ஏழு பேரும் நின்னுட்டோம்."