போல்ட் இல்லாத பம்பர்

அக்கா தரையில் மண்டியிட்டு ஒரு பம்பரின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கிலும் புருவத்திலும் வெள்ளைப் பொடி. அவள் கடையின் தொழில் இதுதான்: சாதாரணக் காருக்கு விலை உயர்ந்த பந்தயக் காரின் முகத்தை ஃபைபரில் வார்த்து மாட்டிக் கொடுப்பது. பம்பர், பானெட், பின்னால் ஒரு இறக்கை, காற்றே நுழையாத காற்றுத் துளைகள். உள்ளே அதே பழைய என்ஜின்தான் இருமிக்கொண்டிருக்கும். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். அந்தச் சூட்டைக் கூலிக்குப் போட்டுத் தருகிறவள் அக்கா. வார்ப்பது அவள், பெயின்ட் அடிப்பது தங்கை.

வாசலில் ஒரு சிவப்புக் கார் தாடை தொங்க வந்து நின்றது. இறங்கியவனைப் பார்த்ததும் அக்கா உப்புத்தாளை வீசி எறிந்தாள். வீட்டுத் தரகன். போன வருடம் மாதக்கணக்கில் இந்தக் கடையில் பழியாய்க் கிடந்தவன். காருக்கு ஒவ்வொரு பாகமாக ஏற ஏற, தங்கையிடம் அவனுக்குப் பேச்சும் ஏறியது. கல்யாணம் வரைக்கும் பேசினான். தங்கை அந்தக் காருக்கு ஏழு பூச்சு அடித்தாள், கண்ணாடி மாதிரி பளபளக்க. வண்டி வெளியே போனது, அவனும் போனான். ஒரு வாரம் கழித்து அவன் அம்மாதான் வந்தாள். இப்பேர்ப்பட்ட கார் வைத்திருக்கிற பிள்ளைக்குப் பெயின்ட் அடிக்கிற பெண்ணையா கட்டுவது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். கார் வெறும் ஒட்டு வேலை என்பது அந்த அம்மாவுக்கே தெரியாது. ஏதோ ஏலத்தில் எடுத்த அசல் கார் என்று பிள்ளை கதை விட்டிருந்தான்.

அன்றே உண்மையைப் போட்டு உடைத்திருப்பாள் அக்கா. தங்கைதான் தடுத்தாள். "வண்டி இருக்குன்னு என்னை வேண்டாம்னவங்க, வண்டி இல்லைன்னு தெரிஞ்சா கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிடுறது எனக்கு வேண்டாம்க்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிட்டதில்லை. சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் இல்லை.

இப்போது அவன் கொஞ்சமும் கூசாமல் வந்து நிற்கிறான். வேகத்தடையில் அடித்து முன் பம்பர் கழன்றுவிட்டதாம். அந்த முகத்துக்கு அச்சு வைத்திருப்பது ஊரிலேயே இவள் ஒருத்திதான், வேறு வழி இல்லை. தங்கை வெளியே போயிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே உள்ளே வந்தான். இன்று மாலை ஒரு கட்டட முதலாளி வீட்டில் பெண் பார்க்கப் போகிறானாம்.

"அவங்க வீட்டு வாசல் மேடு ரொம்ப உயரம்க்கா. பம்பர் தட்டாம ஏறணும், நல்லா டைட்டா மாட்டிக் குடுங்க" என்றான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக நினைத்தாள் அக்கா. வாசல் மேடு. பெண் வீட்டார் எல்லோரும் வரவேற்க நிற்கிற இடம். அங்கே இந்த முகம் பிய்ந்து விழுந்தால் எப்படி இருக்கும்? நினைக்கவே அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பம்பரை எடுத்து, ஓரங்களில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை மட்டும் வைத்து, கையால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தாள். போல்ட் ஒன்றுகூட முடுக்கவில்லை. அவன் குனிந்து பார்த்தான். பளபளப்பைத்தான் பார்த்தான், அடியில் பார்க்கவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் போட்டு, புறவழிச் சாலை வழியாகப் போகப் போவதாகச் சொல்லிவிட்டுப் பறந்தான்.

தங்கை திரும்பி வந்தபோது அக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அதிசயம்தான். மேசைமேல் கிண்ணத்தில் கிடந்த போல்ட்டுகளைப் பார்த்து எந்த வண்டிக்குரியவை என்று தங்கை கேட்க, அக்கா பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். தங்கை சட்டென்று கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"வாசல் மேடு வரைக்கும் டேப் தாங்கும்னு யாருக்கா சொன்னா? புறவழிச் சாலையில அவன் விரட்டுவான். காத்து அடிச்சா அது பறக்கும்."

அக்காவின் பாட்டு நின்றது. இத்தனை வருடம் பம்பர் மாட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. அவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. கிண்ணத்தில் இருந்ததை மடியில் கொட்டிக்கொண்டு ஸ்பேனரோடு தங்கையின் ஸ்கூட்டரில் அவளுக்குப் பின்னால் ஏறினாள்.

புறவழிச் சாலை தொடங்கும் இடத்தில் இருந்த பெட்ரோல் பங்கில் சிவப்புக் கார் நின்றது. அப்போதுதான் அவன் சாவியைத் திருகினான். அக்கா ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்றாள்.

"இறங்கு. போல்ட் போடல. வேணும்னேதான் போடல. போட்டுத் தர்றேன், அப்புறம் எங்க வேணா போ."

அவன் கத்தினான், போலீஸ் என்றான். பிறகு, அம்மாவுக்குக் கேட்காத குரலில், சீக்கிரம் முடுக்கிவிட்டுத் தொலையச் சொன்னான். ஆனால் முடுக்க வேண்டுமானால் கழற்றியாக வேண்டும். அக்கா ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பாதிப் பக்கம் ஏற்கெனவே ஒட்டு விட்டிருந்த பம்பர் ஒரே இழுப்பில் கையோடு வந்தது. அதற்குப் பின்னால், காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஓட்டுகிற சின்னக் காரின் மூஞ்சி வெட்கங்கெட்டுப் பல்லிளித்தது.

பட்டுப்புடவையோடு அவன் அம்மா இறங்கி வந்தாள். பெட்ரோல் போட வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா காரைப் பார்த்தாள், அக்கா கையிலிருந்த ஃபைபர் முகத்தைப் பார்த்தாள், கடைசியாகத் தங்கையைப் பார்த்தாள்.

"இது என்ன வண்டிடா?" என்று மகனிடம் கேட்டாள். அவன் பம்பரைப் பிடுங்கி மறைக்கப் பார்த்தான். அதைக் கண்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பெண் வீட்டுக்கு வரவில்லை என்று போன் செய்யச் சொன்னாள்.

அக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. பழி தீர்ந்தது, அதுவும் அந்த அம்மாவின் கண்ணெதிரே. ஸ்பேனரைத் தட்டிக்கொண்டு, வெற்றியோடு தங்கையைப் பார்த்தாள். தங்கை அவளைப் பார்க்கவே இல்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பைக்கில் புருஷன், பொண்டாட்டி, நடுவில் தூங்கும் குழந்தை. அவன் கார் போயிருக்க வேண்டிய தடத்தில், அவன் காருக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய நேரத்தில் போனார்கள். பம்பர் பறந்திருந்தால் அவர்கள்மேல்தான் விழுந்திருக்கும் என்று அக்காவுக்கும் புரிந்தது.  ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

தங்கை அருகில் வந்து, மடியில் இருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள்.

"மனுஷங்களைப் பார்க்காம வண்டியைப் பார்த்து மதிச்சதால இவங்க அசிங்கப்பட்டாங்க. அவனைப் பழிவாங்கணும்னு நீயும் வண்டியைத்தான் பார்த்தே, ரோட்ல போற மனுஷங்களைப் பார்க்கல. பொய்யை ஓட்டுறவன் மட்டும் இல்லக்கா, அதைப் பூசிக் குடுக்குற நாமளும்தான் திருந்தணும். இனிமே உடைஞ்சதைச் சரி பண்ணுவோம். யாருக்கும் முகம் மாட்ட வேண்டாம்."