கோயில் கயிறு

அப்பாவு தம்பியின் வலது கையைத் தம் மடியில் வைத்து நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் நனைத்த துணி, பிறகு எலுமிச்சைத் தோல், பிறகு பழைய பல் பிரஷ். நகக்கண்ணில் இருந்த கருப்பு எதற்கும் போகவில்லை.

“விடுங்க மாமா,” என்றாள் தம்பி மனைவி கலாதேவி. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “கல்யாணமான நாள்லேர்ந்து நானும் தேய்ச்சுப் பாத்துட்டேன். மோட்டார் எண்ணெ. போகாது.”

“இப்படியேவா அனுப்பறது? பெரிய கிராணி தம்பி பட்டறைக்காரன் மாதிரி போனான்னு பேசுவாங்க.”

“பட்டறைக்காரர்தானே மாமா.”

அப்பாவு இடது கையை எடுத்துக்கொண்டார்.

மலேசியாவின் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர் அவர். தோட்டம் வீடமைப்புத் தாமானாக மாறி வெகுகாலம் ஆகியும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு இன்றும் அவர்தான் தலைவர். சாவு வீட்டிலும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார்.

தம்பி தர்மேந்திரன் புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தான். பிள்ளை இல்லை. ஆனால் வாசலில் போட்டிருந்த கூடாரம் போதாமல் சனம் சாலை வரை நின்றது. பந்தயக் குழுவின் ஆரஞ்சு நிற டீசட்டை போட்ட இளவட்டங்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள், யாரோ ஒரு கிழவி. எல்லாரும் அழுதிருந்தார்கள். தாம் போனால் இத்தனை பேர் வருவார்களா என்று அப்பாவு ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். அதற்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

அந்த டீசட்டைகளுக்கு நடுவில் அவருடைய ஒரே மகன் ரூபனும் இருந்தான். ஈப்போவில் நல்ல ஆபீஸ் வேலை. ஆனால் சாயங்காலமானால் சின்னப்பா பட்டறைதான். ஒரு நாள் அப்பாவுவின் கார் பேட்டரி செத்துப்போனது. “நாளைக்குப் பாக்கறேன்ப்பா,” என்றவன், தர்மாவிடமிருந்து போன் வந்ததும் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு ஓடினான். அந்தத் தட்டை அப்பாவு மறக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சிப்பாங் ஓடுதளத்தில் கப்ச்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிள்களுக்கான நெடுநேரப் பந்தயம். விடியலில் தொடங்கி இருட்டும் வரை ஓட வேண்டும். தர்மாவின் குழு இரண்டு வண்டிகளை இறக்கியது. ஒன்றில் ரூபன். ‘நம்ம கோயில் கயித்த எல்லாரும் பாக்கற மாதிரி கட்டச் சொல்லு’ என்று அப்பாவுதான் மனைவி வழியாக ரூபனுக்கு மஞ்சள் கயிறு கொடுத்தனுப்பினார். ஜெயித்தால் படத்தில் அதுவும் தெரியட்டும் என்று நினைத்தார். ஆனால் முதல் வண்டிக்கு மதியத்துக்குள் கிளட்ச் கருகியது. ரூபனின் வண்டிக்கு செயின் அறுந்து எஞ்சினையும் உடைத்தது. ஒட்டிச் சமாளித்து மறுபடி ஓடவிட்டார்கள். எண்ணெய் ஒழுகிக்கொண்டே ஓடிய எஞ்சின், முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் இறுகி நின்றுவிட்டது. தர்மா தோற்ற செய்தி வந்த அன்று அப்பாவு இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதன்கிழமை பட்டறையில், உட்கார்ந்த முக்காலியிலேயே தர்மா சாய்ந்துவிட்டான்.

கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த அப்பாவு, கூடாரத்தின் கீழ் ரூபன் ஓட்டிய அந்த வண்டி மாலையோடு நிற்பதைப் பார்த்தார்.

“இத யாரு இங்க கொண்டாந்தது?”

“நாங்கதான் ஐயா,” என்றான் குழுவில் மூத்தவனான தனேஸ்வரன். “தர்மா அண்ணனுக்கு முன்னால தள்ளிக்கிட்டுப் போலாம்னு.”

“ஓடுமா?”

“ஓடாது ஐயா. எஞ்சின் ஜாமாயிருச்சு.”

“தோத்த வண்டிய ஊரு பாக்கத் தள்ளணுமா? சிரிக்க மாட்டான்?”

“யாருலா சிரிப்பான்? சிரிக்கறவன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்,” என்று பின்னாலிருந்து ஒருத்தன் முனகினான். தனேஸ்வரன் அவனை முறைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் சடங்கு நடத்தும் பண்டாரம் வந்தார். “பெரிய கிராணி, நேரமாகுது. கொள்ளி யாரு? அண்ணன் தம்பிக்கு வைக்கற வழக்கம் இல்ல.”

“பாகான் டத்தோலேர்ந்து பங்காளி மகன் வந்துக்கிட்டிருக்கான். தகப்பன் இல்லாத பையன்.”

“அவனுக்கு சின்னப்பா மூஞ்சியே தெரியாதுப்பா,” என்று ரூபன் முன்னால் வந்தான். “நான் வைக்கறேன்.”

பண்டாரம் தலையைச் சொறிந்தார். “தகப்பன் உசிரோட இருக்கறவன் அடுத்தவருக்கு மொட்ட போட மாட்டான் தம்பி. போடணும்னா தகப்பன் வாயால சரின்னு சொல்லணும்.”

எல்லாரும் அப்பாவுவைப் பார்த்தார்கள்.

“நான் இன்னும் உசிரோட இருக்கேன்டா,” என்றார் அவர்.

“தெரியும்ப்பா. அதான் கேக்கறேன்.”

“எனக்கு வைக்கவேண்டிய கொள்ளி அது. எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதயும் முதல்ல அவனுக்கே வச்சிடு.” குரல் ஏறியதை அவரால் தடுக்க முடியவில்லை. “நல்ல செயின் வாங்கிப் போடத் துப்பில்லாம, இத்துப்போனதப் போட்டு உன்ன ஓட்டவிட்டவன். அவனுக்கு மொட்டயாம்!”

ரூபன் தகப்பனின் முழங்கையைப் பிடித்து வண்டிக்கு மறுபுறம் அழைத்துப் போனான். யாருக்கும் கேட்காத குரலில் பேசினான்.

“செயின் புதுசுப்பா. நீங்க குடுத்த கயித்த ஹாண்டில்ல கட்டியிருந்தோம். வண்டிய சோதிக்கறவன் அவுக்கச் சொன்னான். அண்ணே குடுத்தது, அவுக்கக்கூடாதுன்னு சின்னப்பா வெளிய தெரியாம சீட்டுக்குக் கீழ உள்ள தள்ளிக் கட்டிட்டாரு. முடிச்சு தளந்து அது செயின்ல போயி சுத்திக்கிச்சு.”

அப்பாவு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“தனேசண்ணனுக்குக்கூட தெரியாது. செயின் பழசுன்னே எல்லார்கிட்டயும் சொன்னாரு. அண்ணே காதுக்குப் போகக்கூடாதுடான்னு சத்தியம் வாங்கினாரு. நான் மீறிட்டேன்.”

அவன் போய்க் கலாதேவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அப்பாவு வண்டியருகே குனிந்தார். முட்டி வலித்தது, வெள்ளை வேட்டி தரையில் புரண்டது. செயின் கழற்றப்பட்டிருந்த பற்சக்கரத்தின் இடுக்கில், எண்ணெயில் ஊறிக் கருத்த நூல் கெட்டியாக இறுகியிருந்தது. விரலால் நோண்டினார். வரவில்லை. கலாதேவியிடம் சொல்லி ஊக்கு ஒன்று வாங்கி, இழை இழையாகப் பிரித்தார். கடைசியாக ஒரு துண்டு மட்டும் இன்னும் மஞ்சளாக இருந்தது. எல்லாவற்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையில் எண்ணெய்க் கறை பரவியது.

“ஐயா, நாங்க எடுத்திருப்போமே,” என்றான் தனேஸ்வரன்.

“சும்மா நூலு,” என்றார். பிறகு, “சக்கரம் உருளுமா?”

“உருளும் ஐயா.”

“அப்ப முன்னால தள்ளுங்க. நேராப் புடிச்சித் தள்ளணும்.”

பின்கட்டில் பண்டாரம் சவரக் கத்தியோடு காத்திருந்தார். “பாகான் டத்தோப் பையன் வந்துட்டாப்ல. உக்கார வைக்கவா?”

“அவனுக்குத் தேத்தண்ணி குடு. ரூபனக் கூப்புடு.”

ரூபன் வந்து பலகையில் உட்கார்ந்தான். தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவு தாமே செம்பில் தண்ணீர் மொண்டு அவன் தலையில் ஊற்றினார். சின்ன வயதில் குளிப்பாட்டும்போது சுழி இருந்த இடம் அப்படியே இருந்தது. தோளில் முடி கொத்துக்கொத்தாக விழுந்தது. அவன் அழுதது தமக்காக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. இன்னொரு செம்பு ஊற்றினார்.

வாய்க்கரிசி நேரத்தில் அவர் பெயரைத்தான் முதலில் அழைத்தார்கள். கலாதேவி அரிசித் தட்டை நீட்டியவள், அவர் விரல்களைப் பார்த்துத் தயங்கினாள்.

“கை கழுவிட்டு வாங்க மாமா. சோப்பு உள்ள இருக்கு.”

அப்பாவு வலது கையைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து நகங்களும் கருப்பாக இருந்தன.

“இருக்கட்டும்மா,” என்று அரிசியை அள்ளினார்.