லாயத்து மைனாக்கள்

ஆம்பூருக்கு வெளியே, தோல் வியாபாரி நிசார் அஹமதின் மாந்தோப்பில் மூன்று குதிரைகள் இருந்தன. அவற்றுக்குத் தீனி வைப்பதும் லாயம் கூட்டுவதும் எழிலரசியின் வேலை. ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் பசை நெடியில் உட்கார்ந்து மூச்சிரைப்பு வந்தபின் இங்கே சேர்ந்தவள்.

சித்திரையில் உத்தரத்தின் மேல் மைனாக்கள் கூடு கட்டின. எச்சமும் துரும்பும் தீனித் தொட்டியில் விழுந்தன. எழிலரசி சலிக்காமல் கழுவினாள். குஞ்சுகள் பறந்ததும் கூட்டைக் கலைத்து வலை அடித்துவிடலாம் என்று ஜியாவுல்லாவிடம் சொன்னாள். அவன் முதலாளியின் மச்சான். தோப்பு அவன் பொறுப்பில் இருந்தது.

"எத்தினி நாளு ஆவும்?"

"பத்து நாள் போதும் பாய். றெக்கை மொளச்சிருச்சு."

"வெள்ளிக்கிழமை வெளிநாட்டுப் பார்ட்டி வர்றாங்க. எச்சத்துக்கு நடுவுல குதிரைய காட்டறதா? பேஜார் பண்ணாத, நான் பாத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது இரண்டு மைனாக்கள் தரையில் விறைத்துக் கிடந்தன. மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஷப்னம் என்ற குதிரையின் தீனித் தொட்டிக்குள் ஒரு அலுமினியத் தட்டு கவிழ்ந்திருந்தது. உத்தரத்தில் வைத்ததைப் பறவைகள் தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஒட்டியிருந்த நொய்யில் பூச்சிமருந்து வாடை. ஷப்னத்தின் வாயில் நுரை வழிந்தது, கால்கள் வெடவெடத்தன. அவள் கூப்பிட்ட கால்நடை டாக்டர் வேலூரிலிருந்து வந்து சேர்வதற்குள் குதிரை சாய்ந்து உயிரை விட்டது. அதன் தலை எழிலரசியின் மடியில் கிடந்தது.

ஜியாவுல்லா வந்ததும் முதலில் தட்டை எடுத்து மறைத்தான்.

"டாக்டர் கேட்டா வயித்து வலின்னு சொல்லு."

அவள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னாள். மதியம் வந்த முதலாளியிடமும் சொன்னாள்.

"மருந்து வெச்சது இவதான் பாய்," என்றான் ஜியாவுல்லா. "நான் வலை போடலாம்னு சொன்னேன். கேக்கல."

நிசார் அஹமது மச்சானை வெகுநேரம் பார்த்தார். யார் சொல்வது பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டதை எழிலரசி அவர் முகத்தில் கண்டாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைலர்ந்து வர வேணாம்மா."

"பாய், உங்களுக்கே தெரியுது."

அவர் காரை நோக்கி நடந்துவிட்டார். கூட்டிலிருந்து இப்போது சத்தமே வரவில்லை. தோப்பின் மூலையில் குழி தோண்ட ஆள் வந்துவிட்டான்.

சாயங்காலம் அவள் வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. முதலாளியின் மகள் மெஹக். ஷப்னம் அவள் ஆசையாக வளர்த்த குதிரை.

"ஜியாவுல்லா மாமா எல்லாம் சொன்னாரு." அந்தப் பக்கம் விசும்பல். "ஏன்க்கா இப்டி பண்ணீங்க?"

சொல்ல எழிலரசிக்கு எவ்வளவோ இருந்தது.

"நான் வெக்கலம்மா. உங்கப்பாவுக்குத் தெரியும். அவரையே கேளு."

மெஹக் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் கூப்பிடவே இல்லை.