சகலையின் இடுப்பளவு

என் மனைவிக்கு நகை ஆசை கிடையாது. புடவை ஆசையும் கிடையாது. இதைக் கேட்டவர்கள் "கொடுத்து வச்ச மனுஷன்" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவளுக்கு இருப்பது லாரி ஆசை. அதுவும் உழைத்து ஓய்ந்து ஊரே கைவிட்ட லாரியாக இருந்தால்தான் அவள் மனசு அதன் மேல் போகும். பகலெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், சாயங்காலமாவது இரும்பை மறப்பாள் என்று நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டேன். தையல்காரன் கணக்கு தப்பியது அந்த ஒரு தடவைதான்.

எங்களிடம் இரண்டு வண்டிகள் உண்டு. ஒன்று, பித்தளை மணி வைத்த தீயணைப்பு வண்டி. இன்னொன்று, முதுகில் வெள்ளைத் தொட்டி சுமக்கும் பால் லாரி. இரண்டுக்கும் கடையில் உதிரிச் சாமான் கிடைக்காது. அதனால் எங்கள் வீடு உதிர்ந்துகொண்டிருக்கிறது. என் தையல் மெஷினின் பெடல்தான் பால் லாரிக்கு ஆக்சிலரேட்டர். டேபிள் ஃபேனின் தலையை ஆட்டிய பல்சக்கரம் இப்போது வைப்பரை ஆட்டுகிறது. சோபா ஸ்பிரிங்கெல்லாம் தீயணைப்பு வண்டியின் சீட்டுக்குள் குடிபோய்விட்டதால், எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவில் உட்கார்ந்ததும் பாதி ஆளாகிவிடுகிறார்கள்.

என் மனைவிக்கு ஏற்ற தம்பி ஒருவன் இருக்கிறான். நாற்பது வயதாகிறது, எல்லோரும் 'நட்டு' என்றுதான் கூப்பிடுவோம். எந்த வீட்டுக்குள் போனாலும் வெளியே வரும்போது அவன் சட்டைப் பையில் ஏதாவது ஒரு நட்டு இருக்கும். திருட்டு என்று சொல்ல முடியாது. கையின் பழக்கம், அவ்வளவுதான்.

வண்டிகள் நிற்கிற கொட்டகை என் சகலைக்குச் சொந்தம். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். அதைத் துடைக்க மட்டும் தனியாக ஒரு துணி, அந்தத் துணியைத் துவைக்கத் தனியாக ஒரு சோப்பு. ஆனால் எங்கள் லாரிகளைப் பார்த்தால் மட்டும் அவருக்கு முகம் கோணும். போன வாரம் வந்து கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வருவேன். ஓடுற வண்டி நிக்கலாம். ஓடாத வண்டி எதுவா இருந்தாலும், யாரோடதா இருந்தாலும், அன்னிக்கே பழைய இரும்புக் கடைக்குப் போயிடணும். அதுல பேச்சே இல்ல."

"ஓடலேன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா அத்தான்? ஏதோ ஒரு சின்ன சாமான் போயிருக்கும், அவ்வளவுதானே" என்றாள் என் மனைவி. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவர் நின்றார்.

ஞாயிறு காலை பால் லாரியின் ரோட்டர் விரிசல் விட்டுவிட்டது. கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. இன்ஜின் பக்கத்தில் ஒரு மூடிக்குள் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கு போடும். அது இல்லாவிட்டால் லாரி வெறும் தகரப் பெட்டி. என் மனைவி அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். ஆறு வருஷமாக அவள் தன் கையால் தேய்த்து, பூசி, முறுக்கி எழுப்பிய வண்டி அது. அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"ரெண்டும் ஒரே கம்பெனி வண்டிதானே? தீயணைப்பு வண்டியோட ரோட்டர் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அக்காவும் தம்பியும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் நான் லாரியைப் பற்றிச் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

சகலை தன் காரில் வந்து இறங்கினார். பின்னாலேயே இரும்புக் கடைக்காரர், கொக்கி தொங்கும் கிரேன் லாரியோடு. முதலில் தீயணைப்பு வண்டி. மனைவி சாவியைத் திருப்பினாள், இன்ஜின் கணீரென்று பிடித்தது. சகலை காது கொடுத்துக் கேட்டு, "சரி, நிறுத்து. அடுத்தது" என்றார்.

நான் இஞ்ச் டேப்போடு அவர் மேல் பாய்ந்தேன்.

"அண்ணே, ரொம்ப நாளா உங்களுக்கு ஒரு கோட்டு தைக்கணும்னு ஆசை. கையைத் தூக்குங்க."

"இப்பவா?"

"வெளிச்சம் நல்லா இருக்குண்ணே."

தோள், மார்பு, இடுப்பு என்று எடுத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நட்டு கிளிப் இரண்டைத் தட்டி, தீயணைப்பு வண்டியின் மூடியைத் திறந்து, ரோட்டரை உருவிக்கொண்டு பால் லாரிக்கு ஓடினான். அவன் இன்னும் குனிந்தே இருந்ததால் திரும்பவும் இடுப்பை எடுத்தேன்.

"இதைத்தான் எடுத்தாச்சே?"

"வளந்துகிட்டே இருக்குண்ணே."

பால் லாரியும் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சகலை நெற்றியைச் சுருக்கினார்.

"ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு ஏன் தூங்குது? ரெண்டையும் சேத்து ஸ்டார்ட் பண்ணு பாப்போம்."

போச்சு. மனைவி தீயணைப்பு வண்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றாள். நட்டு மட்டும், "அத்தான், அவருக்கு இன்னும் கை நீளம் எடுக்கலையே" என்று என் காதில் சொல்லிவிட்டுக் காணாமல் போனான். நான் கை நீளம், கால் நீளம், கழுத்துச் சுற்று என்று தொடர்ந்தேன். தலைச் சுற்றளவை எடுக்கும்போது, "கோட்டுக்கா தலை?" என்று சகலை சந்தேகப்பட்டார். தொப்பியும் உண்டு என்றேன். அதற்குள் நட்டு வந்துவிட்டான், கையை மூடிக்கொண்டு.

"ஏதுடா?"

"கெடச்சுது அத்தான்" என்றபடி அதைத் தீயணைப்பு வண்டியின் மூடிக்குள் மாட்டினான்.

நான் பால் லாரியில் ஏறி, சாவியைத் திருப்பி, என்னுடைய பழைய பெடலை மிதித்தேன். என் கால் அதற்குப் பழகிய கால் அல்லவா, லாரி ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. எதிரே தீயணைப்பு வண்டியும் உறுமியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மனைவி மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து அடித்தாள். தலை கலைந்து, கன்னத்தில் கிரீஸோடு, வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. துணி தைப்பது போல பெடலைத் தட்டித் தட்டி லாரியை உறும வைத்தேன்.

"சரி சரி, நிக்கட்டும்!" என்று கத்திவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு சகலை தன் காருக்குப் போனார். சாவியைத் திருப்பினார். கர்ர் என்றது. மறுபடியும் திருப்பினார். கர்ர் கர்ர் என்று இழுத்து ஓய்ந்தது.

நான் நட்டுவைப் பார்த்தேன். நட்டு வானத்தைப் பார்த்தான். அந்தக் காரும் அதே கம்பெனி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலையிலிருந்து கை சும்மா இருந்த இரும்புக் கடைக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கிரேன் லாரியைப் பின்னால் எடுத்து, கொக்கியைக் காரின் மூக்குக்கு நேராக இறக்கினார்.

"யோவ்! என்னய்யா பண்றே?"

"ஓடாதது யாரோடதா இருந்தாலும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அதுல பேச்சே இல்லேன்னும் சொன்னீங்க."

சகலை இரண்டு கைகளையும் விரித்து பானட்டின் மேல் குப்புற விழுந்தார்.

"தொடாதே! ஓடலேன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? ஏதோ ஒரு சின்ன சாமான் போயிருக்கும், அவ்வளவுதான்!"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மனைவி சிரிக்கவில்லை. மணிக்கயிற்றை விட்டுவிட்டு இறங்கி வந்தாள். கொக்கிக்குக் கீழே எந்த வண்டி நின்றாலும் அவளுக்குத் தாங்காது, அது தன்னுடைய எதிரியின் வண்டியாக இருந்தாலும் சரி.

"இன்ஜினை நிறுத்துங்க" என்றாள் என்னிடம்.

"வேண்டாம்மா. தெரிஞ்சுபோயிடும்."

"நிறுத்துங்கன்னா."

நிறுத்தினேன். அவளே பால் லாரியின் மூடியைத் திறந்து ரோட்டரை உருவினாள். எல்லோரும் பார்க்க நடந்து போய், சகலையைப் பானட்டிலிருந்து எழுப்பி, அவர் காரில் அதை மாட்டினாள். "இப்பப் பாருங்க அத்தான்" என்றாள். கார் உடனே ஸ்டார்ட் ஆனது.

சகலை காரைப் பார்த்தார். பால் லாரியைப் பார்த்தார். நட்டுவின் கையைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய டேப்பை ரொம்ப நேரம் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டு நாங்கள் மூன்று பேரும் மூன்று திசையில் நின்றோம். இரும்புக் கடைக்காரர் கொக்கியை மெதுவாகப் பால் லாரி பக்கம் திருப்பி, "அப்ப இதுதானா சார்?" என்றார். மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ சுத்தமாகியிருந்தது.

சகலை பால் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். தொண்டையைச் செருமினார்.

"அது செத்த வண்டி இல்லப்பா. ஒரு சின்ன சாமான் இல்ல. அவ்வளவுதான்."

என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எந்தச் சாமான், இந்தக் கறுப்புத் துண்டா?" இரும்புக் கடைக்காரர் கிரேனிலிருந்து எட்டிப் பார்த்தார். "என் கடையில ஒரு டப்பா நிறையக் கிடக்கே. முன்னாடியே கேட்டிருக்கலாமில்ல?"

ஆறு வருஷமாக வீட்டைப் பிரித்து லாரி செய்தவர்களுக்கு, இரும்புக் கடைக்குப் போய்க் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. அந்த வாசல் அவர்களுக்கு எமலோகம் அல்லவா.

ரோட்டர் வாங்க எல்லோரும் தீயணைப்பு வண்டியில் ஏறினோம். சகலை மணிக்கயிற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. தெரு முழுக்க அடித்துக்கொண்டே வந்தார். ஜனங்கள் எங்கே தீ என்று ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். நடுவில் என் பக்கம் குனிந்து, "கோட்டு எப்ப ரெடியாகும்?" என்று கேட்டார். அளவு முழுக்க எடுத்தாகிவிட்டதே, இனி தப்ப முடியாது.

முன்னால் கிரேன் லாரி வழிகாட்டிக்கொண்டு போயிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் மனைவியின் பார்வை அதன் பின்பக்கத்தை விட்டு அகலவே இல்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அதுவும் நல்ல பழைய வண்டிதான் போலிருக்கு" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை மணியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"கேட்டுப் பாரும்மா. கொட்டகையில இன்னும் இடம் இருக்கு."