ஆளைக் கொல்லாத சுவர்

1

இந்தக் கதையை முதன்முதலில் எழுதியபோது அது இரண்டே சொற்கள்தான். ‘குடிசை அகற்றப்பட்டது.’ 1984இல், ஓர் அரசாங்கப் படிவத்தில், நீல மையில் எழுதினேன். கீழே என் கையெழுத்து: வேணுகோபால், ஓவர்சியர்.

அந்தக் குடிசை அகற்றப்படவில்லை. நான் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அது எனக்கு நேர் எதிரே நின்றது. உள்ளே இருந்து யாரோ இருமுகிற சத்தம்கூடக் கேட்டது.

இப்போது 1988. அதே வேலையில்தான் இருக்கிறேன், வேறு ஒன்றியத்தில். அந்த இரண்டு சொற்களை அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊர், புதூர்ப் பக்கம் ஓடைக்கரைப்பட்டி. (பழக்கமில்லாத வேலை. அலுவலகத்தில் ஒரு படிவத்துக்குக் கட்டம் கட்டமாக இடம் விட்டிருப்பார்கள். இங்கே வெள்ளைத்தாள்தான் இருக்கிறது.)

2

முதல் தொடக்கம்:

‘கரிசல் மண் வெடித்துக் கிடந்த கோடையில், கறுத்து மெலிந்த ஒரு விதவை தன் எளிய குடிசையின் வாசலில் கண்ணீரோடு—’

நிறுத்திவிட்டேன். வெயிலம்மாள் மெலிந்தவள் அல்ல. நான் பார்த்த நாளில் அவள் கண்ணீர் விடவும் இல்லை. எளிய குடிசை என்பதும் தப்பு. அதைக் கட்ட அவளுக்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. கருவேலங் கம்புகளை ஆழமாக ஊன்றி, இடையிடையே பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, வைத்துப் பாய் பின்னுவது மாதிரி பின்னி, வரகு வைக்கோலும் சாணியும் கலந்த மண்ணை இரண்டு பக்கமும் மூன்று தடவை பூசியிருந்தாள். மேலே பனங்கை. அதன்மேல் கம்பந்தட்டையும் ஓலையும். காடுகளில் பருத்தி எடுத்து முடிந்ததும் எல்லாரும் செடியைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோவார்கள். அவள் கொண்டுபோய்ச் சுவர் எழுப்பினாள்.

‘விதவை’ என்ற சொல்லிலும் எனக்குச் சங்கடம் இருந்தது. கதைகளில் விதவைகள் அதிகம் என்று பட்டது. அதனால் இரண்டாவது பிரதியில் அவள் புருஷன் சாமித்துரையைக் காப்பாற்றினேன். காலை மட்டும் ஒடித்து, ஆடு மேய்க்க விட்டேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. சாமித்துரை உயிரோடு இருந்தால் அவள் எதற்காக அரசாங்க வீட்டை வேண்டாம் என்று சொல்கிறாள்?

ஆகவே அவனை மறுபடி சாகக் கொடுக்கிறேன். 1977 ஐப்பசி, ஆறு நாள் அடைமழை. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் கை நுழைகிற அளவு பிளக்கும். மேல்மண்ணோடு நிற்கிற அஸ்திவாரத்தை அது ஆட்டிக்கொண்டே இருக்கும். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின அவர்கள் வீட்டுச் சுவர் விடிகிற நேரத்தில் உள்பக்கமாகச் சாய்ந்தது. வெயிலம்மாள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள். பத்து வயது மகள் ஆவுடைத்தாயும் பின்னாலேயே போயிருந்தாள். சாமித்துரை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

3

அரசாங்கம் கட்டின தொகுப்பு வீடுகள் இருபத்திரண்டு. காங்கிரீட் கூரை, செங்கல் சுவர், ஒரு ஜன்னல். இருபத்திரண்டாவது வெயிலம்மாளுக்கு. ஒரே நிபந்தனை, திறப்பு விழாவுக்கு முன்னால் பழைய குடிசையைப் பிரித்துவிட வேண்டும். ஊரில் ஓலை வீடே இல்லை என்று போட்டோ எடுக்க வேண்டும். மற்ற இருபத்தொரு பேரும் பிரித்துவிட்டார்கள். நான் சைக்கிளில் போய் அவளிடம் சொன்னேன்.

“எதுக்கு சார் பிரிக்கணும்?”

“இது தீப்பிடிக்கும்மா.”

அவள் உள்ளே போனாள். மகள் ஆவுடைத்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, வீட்டில் பெட்டிக்குக் குறைச்சல் இல்லை. வெயிலம்மாள் ஒரு பெட்டியோடு வெளியே வந்து, குச்சியைக் கிழித்துச் சுவரில் வைத்துப் பிடித்தாள். விரல் சுடுகிறவரை பிடித்தாள். சுவரில் கறுப்பாய் ஒரு பொட்டு விழுந்ததோடு சரி.

“நீங்களும் ஒண்ணு கிழிச்சுப் பாருங்க” என்று பெட்டியை நீட்டினாள்.

“கூரை?”

“கூரை எரியும். பொய் சொல்ல மாட்டேன். அதான் அடுப்பத் தூரமா அங்கன வச்சிருக்கேன். எலி வரும், கறையான் வரும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்க கூரை மாத்தணும். எல்லாம் உண்டு. ஆனா இந்தச் சுவரு ஆளக் கொல்லாது சார். மேல விழுந்துச்சுன்னா தட்டிவிட்டுட்டு எந்திரிச்சு வந்துருவேன்.”

இந்த வாக்கியத்தைச் செதுக்கிப் பார்த்தேன். முடியவில்லை. அவள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

பிறகு கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். “அந்தப் புது வீட்டுக்கு எத்தன அடி தோண்டுனீங்க?”

நான் சைக்கிளை எடுத்தேன்.

(வாசகருக்கு ஒரு விளக்கம். கரிசலில் மேல்மண்ணைத் தாண்டிக் கெட்டித்தரை தட்டுப்படுகிறவரை தோண்ட வேண்டும். திட்டத்தில் இருந்தது நாலரை அடி. காண்ட்ராக்டர் அவ்வளவு தோண்டவில்லை. ‘நாலரை’ என்று அளவுப் புத்தகத்தில் எழுதியது நான். ஏன் எழுதினேன் என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. மேலதிகாரியின் நெருக்கடி, தங்கை கல்யாணம் என்று உங்கள் இரக்கத்தைக் கேட்கிற பத்தி. எடுத்துவிட்டேன்.)

4

ஆவுடைத்தாய் இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத ஆள். அவளுக்கு அப்போது பதினேழு. தாய் புது வீட்டை மறுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் என் முன்னாலேயே கத்தினாள்.

“கூட வேல பாக்குற பிள்ளைக எல்லாம் காரை வீட்டுக்குப் போகுதுக. நான் மட்டும் மாருக்குள்ள கெடக்கணுமா? அய்யா செத்தது அந்தச் சுவரு. இது வேற சுவரு!”

“ஏட்டி, போய் அந்த அஸ்திவாரத்த முழம் போட்டுப் பாத்துட்டு வந்து பேசு” என்றாள் வெயிலம்மாள்.

கதை எழுதத் தெரிந்தவர்கள் இங்கே ஒரு காட்சி வைப்பார்கள். மகள் போய் முழம் போட்டுப் பார்த்து, திரும்பி வந்து தாயின் மடியில்— இல்லை. அவள் போனாளா என்று எனக்குத் தெரியாது. பார்க்காததை எழுத மாட்டேன். அடுத்து அவளைப் பார்த்தபோது முழங்கை வரைக்கும் சேறாக நின்றாள். அது மட்டும் தெரியும்.

5

இடிக்க ஆறு பேரை அனுப்பினார்கள். கூட என்னையும். ஆறு பேரும் பக்கத்து ஊர்க்காரர்கள். மேஸ்திரி உக்கிரபாண்டி செத்துப்போன சாமித்துரைக்கு முறைக்குத் தம்பி வேண்டும்.

“மைனி, வெளிய வாங்க. எங்க பொழப்பு இது.”

“ஒம் பொழப்ப நான் ஏம்லே கெடுக்கப் போறேன்? நீ இடி. நான் உள்ள இருக்கேன்.”

கடப்பாரையால் குத்தினார்கள். மண் உதிர்ந்தது. உள்ளே பின்னியிருந்த மார் கடப்பாரையை வாங்கிக்கொண்டு வளைந்தது, பிறகு ‘விண்’ணென்று திருப்பித் தள்ளியது. செங்கல் சுவர் என்றால் ஓர் இடத்தில் பெயர்ந்தால் மிச்சமும் கூடவே வரும். இது எவ்வளவு குத்தினாலும் குத்தின இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது. கயிறு கட்டி ஆறு பேரும் இழுத்தார்கள். வீடு அவர்கள் பக்கம் ஒரு சாண் சாய்ந்து, கயிற்றை விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. ஒருத்தன் சிரித்துவிட்டான். அப்புறம் ஆறு பேரும் சிரித்தார்கள். ஓட்டை வழியாக வெயிலம்மாளின் முகம் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

“ஆச்சா? போயிட்டு நாளைக்கு வாங்க. சாயந்தரத்துக்குள்ள பூசிப்புடுவேன்.”

பூசினாள். மறுநாள் குத்தினார்கள், மறுபடி பூசினாள். ஆவுடைத்தாய் சேறு மிதித்துப் பூசியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான், வேலைக்கு லீவு போட்டிருந்தாள். மூன்றாம் நாள் உக்கிரபாண்டி கடப்பாரையைக் கீழே போட்டான்.

“வேற ஆளப் பாருங்க சார். என்னால இதுக்கு மேல ஏலாது.”

6

விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. என் மேலதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டைச் சுற்றி உயரமாகத் தட்டி கட்டி மறைத்துவிடலாம். ஓலைத் தட்டி. ஓலை வீட்டை மறைக்க நாற்பது ஓலைத் தட்டி. (இது நான் ஜோடித்தது என்று நினைப்பீர்கள். அந்தத் தட்டிகளை லாரியில் இருந்து எண்ணி இறக்கியவன் நான்தான்.) தட்டிக்கு உள்பக்கம், அதன் நிழலில் உட்கார்ந்துதான் அந்த இரண்டு சொற்களை எழுதினேன்.

மாவட்டத்துப் பெரிய அதிகாரி வந்தார். மேளம் அடித்தார்கள். இருபத்தொரு சாவி கொடுத்தாயிற்று. “இருபத்திரண்டு வெயிலம்மாள்” என்று மைக்கில் கூப்பிட்டபோது அவள் மேடைக்கு வரவில்லை. தாயும் மகளும் உள்ளே இருந்து தட்டியை உதைத்துச் சாய்த்துவிட்டு நின்றார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது.

“அய்யா, இதுதான் என் வீடு. வந்து ஒரு வாய் தண்ணி குடிங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. அந்தா நிக்காருல்லா ஓவர்சியர் சார், அவிய சொல்லட்டும். அந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் எத்தன அடி? நெசமாச் சொன்னா இந்த நிமிசமே நானே இதப் பிரிச்சுப் போட்டுட்டு வாரேன்.”

பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார். காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தார். சாவியைக் கையில் வைத்திருந்த இருபத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

7

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன். கூட்டம் கைதட்டுகிறது. மூன்றிலும் அதுதான் அழகாக வந்திருந்தது. படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் புல்டோசர் வருகிறது. அது நடக்கவில்லை.

மூன்றாவதில் அடுத்த ஐப்பசியில் தொகுப்பு வீடுகள் இடிகின்றன, அவள் வீடு மட்டும் நிற்கிறது. கதைக்கு அது ரொம்ப வசதி. ஆனால் அந்த வீடுகளுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு கதையை முடித்துக்கொள்வதற்காக அவர்கள் தலையில் சுவரைத் தள்ள மாட்டேன்.

நடந்தது இது. “நாலரை அடி” என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

வெயிலம்மாள் சாய்ந்து கிடந்த தட்டியைக் காலால் ஒதுக்கினாள்.

“சரி சார். அந்த நாலரை அடியில நீங்க குடியிருங்க. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்” என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இருபத்திரண்டாம் வீடு அவளுக்கு ரத்தானது. அவள் மனைக்குப் பட்டா கேட்டு ஏழு தடவை மனு கொடுத்தாள், ஏழும் திரும்பி வந்தன. ‘அகற்றப்பட்ட குடிசைக்கு’ எப்படிப் பட்டா கொடுப்பது என்று ஒரு பதிலில் எழுதியிருந்தார்கள். அவள் எட்டாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆவுடைத்தாய்க்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ‘மார் வீட்டுப் பெண்’ என்று இளப்பமாகப் பேசியபோது எழுந்து நின்று, ஆமாம் என்று சொன்னாளாம்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். தொகுப்பு வீடுகளில் நான்கில் மூலைக்கு மூலை வெடிப்பு. ஒன்றில் என் விரல் நுழைந்தது. வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்து மூடியிருந்தார்கள். இன்னும் எதுவும் விழவில்லை.

8

முடிவை நான் எழுதப்போவதில்லை. வேண்டுகிறவர்கள் ஒரு கடப்பாரையோடு ஓடைக்கரைப்பட்டிக்குப் போய், ஏதாவது ஒரு தொகுப்பு வீட்டின் மூலையில் தோண்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

கதை என்று சொல்லி இதை அச்சில் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பெயரையாவது மாற்று என்றார். மாற்றவில்லை.

அஸ்திவாரம் இரண்டே கால் அடி. அளந்தவன் நான். அந்த இருபத்தொரு வீட்டில் இருக்கிற யாருக்காவது இதைப் படித்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். இந்த மழைக்காலத்தில் சுவரோரம் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால், ஓவர்சியர் வேணுகோபால் சொன்னான் என்று சொல்லுங்கள்.