ஒன்பது வெள்ளிக்கிழமைகள்

என் உம்மா ரஹ்மத் பீவி மாப்பிள்ளை விசாரிக்கும் லட்சணம் நாகூருக்கே தெரியும். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். வீட்டோடு வந்து தங்கப்போகிறவரை விசாரிக்காமல் விட முடியுமா என்பது உம்மாவின் கட்சி. எனக்குப் பார்த்த, துபாயில் கணினி வேலை பார்க்கும் தௌபீக்குக்காக அவர் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் முடி வெட்டுபவர் வரை ஃபோன் போட்டாயிற்று.

நான் தஞ்சாவூரில் நிரல் எழுதிப் பிழைக்கிறவள். என் விசாரணை வேறு மாதிரி. நிரல் எழுதுபவர்கள் தங்கள் வேலையைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் தன் பெயர் என்ன என்பதைப் பயோடேட்டாவிலேயே கொடுத்திருந்தார் மனிதர். கேட்ட தகவலை எடுத்துத் தரும் அந்தத் தளத்தின் ஏபிஐக்கு ஒரு முகவரி உண்டு. அதில் பெயரைப் போட்டுக் கேட்டால், அவர் பொதுவில் வைத்திருக்கும் நிரல் தொகுப்புகளையும், எந்த நாள் எத்தனை மணிக்கு எதை மாற்றினார் என்பதையும் வரிசையாகக் கொட்டிவிடும். சும்மா கேட்பவர்களுக்கு மணிக்கு அறுபது கேள்விதான் அனுமதி. உம்மாவுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லாததுதான் ஊரின் கஷ்டம்.

நிரல் சுத்தமாக இருந்தது. செய்த மாற்றத்தை ஒழுங்காக விளக்கி எழுதியிருந்தார். எனக்குப் பிடித்துப்போய்விட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதோடு மூடி வைத்திருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, நேரத்தைப் பார்த்தேன். ஒன்பது வெள்ளிக்கிழமைகளில் மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே வேலை செய்திருக்கிறார். ஜும்மா தொழுகை நேரம்!

வீடியோ காலில் பேசியபோது, சம்பந்தம் பேசும் என் மாமா தொழுகையைப் பற்றிக் கேட்டதற்கு, ஜும்மாவை மட்டும் விட்டதே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னவர் இவர். தொழாதவரைக்கூட எனக்குப் பொறுக்கும், புளுகுபவரைப் பொறுக்காது. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது. உம்மாவிடம் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டதற்கு அந்த ஒன்பது வெள்ளியை அடுக்கினேன். உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ‘ஒத்துவரவில்லை’ என்று மட்டும் மாமா மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மனசு சரியில்லை. என் உழைப்பையாவது பார்த்துத் தேற்றிக்கொள்வோம் என்று அதே கேள்வியில் என் பெயரைப் போட்டேன். போன வெள்ளி மதியம் ஒன்று ஐந்துக்கு நான் நிரல் எழுதியதாக வந்தது. ஒன்று ஐந்துக்கு நான் திருவாரூர் ரயில் நிலையத்தில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். எழுதியது சாயங்காலம் ஆறரைக்கு மேல். அப்போதுதான் நேரத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த இசட் எழுத்து கண்ணில் பட்டது. அது கிரீன்விச் நேரம் என்பதற்கு அடையாளம். துபாய்க்கு நான்கு மணி நேரம் கூட்டியிருக்க வேண்டும். அந்த ஒன்பது வெள்ளியும் அவர் மாலை ஐந்து மணிவாக்கில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

முதல் வருடப் பையன்கள் செய்யும் தப்பு. என்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

உம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொன்ன வாயால் மறுபடி எப்படிப் போய்க் கேட்பது, மாமாவுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று பொரிந்து தள்ளினார். நிக்காஹ்வுக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளைக்கு ஃபோன் செய்வது எங்கள் வீட்டில் கிடையாது. செய்தேன். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படியில் வந்து நின்றார்.

ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஏபிஐயில் அவரைத் துருவியதையும் மறைக்கவில்லை.

“அந்த ஒம்பதும் நீங்க சொல்ற மாதிரி சாயங்காலந்தான்,” என்றார். “ஆனா உங்க மாமா கேட்டப்ப நான் சொன்னது பொய்ங்க. மே மாசம் மூணாவது வெள்ளி நான் ஜும்மாவுக்குப் போகலை. ஆபீஸ் சர்வர் படுத்துடுச்சு, அதச் சரி பண்ண உக்காந்துட்டேன். அத்தன பேர் முன்னாடி சொல்ல வாய் வரலை.”

லேப்டாப்பைத் திறந்து தேடினேன். மே மாதம், மூன்றாவது வெள்ளி, ஒன்பது இருபது, பக்கத்தில் இசட். துபாயில் மதியம் ஒன்று இருபது. நான் தேடிய நேரத்துக்குள் அது வரவே இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று ஃபோனை வைத்தேன். கண் ஏனோ கலங்கியது.

“உம்மா, சரின்னு சொல்லச் சொல்லுங்க மாமாவ.”

உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப ஜும்மாவெல்லாம் விட்டதே இல்லையாமா?”

“ஒரு வாரம் விட்டிருக்காரு உம்மா. அவரே சொன்னாரு.”