விரல் விழுந்த படம்

அடக்க வேலை செய்யும் துல்லியோ பிணத்தின் இடது கன்னத்தைச் சிரைத்து முடித்து, வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டே கேட்டான்:

"படம் எங்க, சிஞோரா நெரீனா?"

"என்ன படம்?"

"சாவு அறிவிப்புல போட்டுச் சுவர்ல ஒட்டத்தான். மத்தியானத்துக்குள்ள அச்சகத்துல குடுத்தாகணும். அப்புறம் கல்லறைக் கல்லுலயும் பதிக்கணுமே."

வெந்நீர்க் கிண்ணத்தோடு நின்றிருந்த நெரீனா கணவனின் முகத்தைப் பார்த்தாள். பாதி நுரையும் பாதி பளபளப்புமாக, யாரோ அவசரமாகக் கூப்பிட்டுப் பாதிச் சவரத்தில் எழுந்து போனவன் போலக் கிடந்தான் அமெதேயோ. படம் என்றால் வீடு முழுக்கப் படம்தான். அலமாரியில், கட்டிலுக்கு அடியில், அவள் குளிர்கால உடுப்பு வைத்திருந்த பெட்டியில்கூட. ஆனால் அத்தனையும் மேட்டில் மூடிக் கிடக்கும் மனநல ஆஸ்பத்திரியின் படங்கள். உரிந்த சுவர், துருப்பிடித்த கட்டில், கதவில்லாத வாசல். ஒன்றில்கூட ஆள் கிடையாது.

அந்த ஊரில் சுவரில் படம் ஏறினால்தான் ஒருவன் செத்ததாக அர்த்தம். முன்பு ஒரு கொல்லனுக்குப் பேரும் கறுப்புக் கட்டமும் மட்டும் போட்டு ஒட்டிவிட்டார்கள். கூட்டாளிகள் நம்பவில்லை. வாராவாரம் சீட்டாட்டத்தில் அவனுக்கும் சேர்த்தே சீட்டுப் போட்டார்கள். அவன் தோற்கவும் தோற்றானாம்.

"அடையாள அட்டை இருக்கு," என்றாள்.

துல்லியோ வாங்கிப் பார்த்தான். "இதைப் போட்டா ஜனங்க ஜெபம் பண்ண மாட்டாங்க. போலீசுக்குத்தான் போன் பண்ணுவாங்க."

"கல்யாணப் படம்?"

"அதுல மீசை இருக்கு, முடி இருக்கு, உங்க இடுப்பு இருக்கு. யாருன்னு கேப்பாங்க."

"உன் வாயை முதல்ல சிரைக்கணும்," என்று சொல்லிவிட்டு, துண்டு எடுக்கக் குளியலறைக்குள் போனாள் நெரீனா.

கொடியில் அவளுடைய காலுறைகளுக்கு நடுவே, துணிக் கவ்வி மாட்டிய பிலிம் சுருள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அவனே கழுவிக் காயப்போட்டது. அதன்பிறகுதான் சூப் குடிக்க உட்கார்ந்தான். பாதிக் கிண்ணத்தில் கரண்டியை வைத்தவன் திரும்ப எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

சுருளை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். கட்டில், வாசல், படிக்கட்டு, சக்கர நாற்காலி. கடைசிக் கட்டத்தில் ஓர் ஆள்.

வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறியிருந்தாலும், புருஷனைத் தெரியாமல் போகுமா? இரும்புக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கிறான். பல்லெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. படத்தின் மேல் மூலையில் மங்கலாக, உருண்டையாக ஒன்று விழுந்திருந்தது.

துல்லியோ வந்து எட்டிப் பார்த்தான். "அட, அருமையான சிரிப்பு! தானா எடுக்கற குமிழைத் திருகிவிட்டு ஓடிப்போய் உக்காந்திருக்காரு."

"அந்தக் குமிழ் உடைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு."

"யார் சொன்னது?"

"உடைச்சவ நான். ஈஸ்டர் அன்னிக்கு ஆட்டுக்கறியை அடுப்புல வெச்சிட்டுக் காத்திருந்தேன். சாயங்காலம் சுண்ணாம்புத் தூளோட வந்து நின்னாரு. கேமராவைப் பிடுங்கி மாடிப்படியில விட்டெறிஞ்சேன். மத்ததெல்லாம் பொழைச்சுது, அந்தக் குமிழ் பொழைக்கல."

"அப்ப யாராவது கூடப் போயிருப்பாங்க."

"அவர் கூட யாரும் போனதில்ல. நானே போனதில்ல."

துல்லியோ மூலையைத் தடவிப் பார்த்தான். "இது விரல் மாதிரி இருக்கே. கண்ணாடி முன்னாடி விரலை வெச்சுட்டாங்க. புதுசா கேமரா பிடிக்கறவங்க செய்யற தப்பு."

நெரீனா குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அமெதேயோ இளவயதில் அந்த ஆஸ்பத்திரிக்கு ரொட்டி வண்டி ஓட்டினான். மனநல ஆஸ்பத்திரிகளை மூடச் சொல்லிச் சட்டம் வந்து, நோயாளிகளைப் பேருந்துகளில் ஏற்றி எங்கெங்கோ கொண்டுபோய் விட்டு, வாயிலைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ரொட்டி நின்றது. அவன் போவது நிற்கவில்லை. வண்டிக்குப் பதிலாகக் கேமரா. திரும்பி வரும்போதெல்லாம் ஒரு கதை கொண்டுவருவான். அழுக்குக் காலணியோடு நடந்ததற்குக் கன்னியாஸ்திரீ ஒருத்தி துடைப்பத்தோடு துரத்தினாள் என்பான். மூன்றாம் மாடியில் எல்வீரா என்ற ஒருத்தி இருக்கிறாள், ரொட்டியின் முனை கருகியிருந்ததைப் பற்றி இன்னமும் குறை சொல்கிறாள் என்பான். எல்லாவற்றையும், பால் விலை ஏறிவிட்டது என்று சொல்லும் அதே முகத்தோடுதான் சொல்வான்.

கடைசி ஞாயிறு, சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னான்: "எல்வீரா தன்னைப் படம் எடுக்கச் சொல்றா. நீ பிலிம்ல விழமாட்டியேம்மான்னேன். அழ ஆரம்பிச்சுட்டா. சரி, நீ என்னை எடுன்னு கேமராவைக் குடுத்தேன். கத்துக்கறா. ஆனா விரலை முன்னாடி வெச்சுடறா."

"சூப் ஆறுது," என்றாள் நெரீனா.

அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

"வண்டி காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தொட்டி விளிம்பிலிருந்து எழுந்தாள்.

"எந்த வண்டி? பிண வண்டியா?"

"என்னை மேட்டுக்குக் கொண்டு போ."

"சிஞோரா, அடக்கம் நாளைக்கு மூணு மணிக்கு. வீடு பூரா ஜனம் வரப்போற நேரம். அங்க என்ன இருக்கு?"

"என்கிட்ட ஒரு தடவைகூட இப்படிச் சிரிச்சதில்ல அவர். செத்தவளா இருந்தா என்ன, பொம்பளை பொம்பளைதானே? போய்ப் பாக்கணும்."

பக்கத்து வீட்டு ஜீனாவிடம் ஜெபமாலையையும் வந்தவர்களையும் ஒப்படைத்துவிட்டு, நெரீனா வண்டியின் முன் இருக்கையில் ஏறினாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு அவளே தலையசைத்துப் பதில் மரியாதை செய்ததால், அன்று மாலை வரை ஊரில் குழப்பம் இருந்தது.

கம்பி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். அதன் அளவும் அமெதேயோவின் வயிற்றின் அளவும் ஒன்று. துல்லியோ வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"பயமாடா?"

"செத்தவங்ககிட்ட எனக்கென்ன பயம்? என் சாப்பாடே அவங்கதான். செத்தும் போகாம இருக்கறவங்கதான் நமக்கு ஒத்து வராது."

உள்ளே குளிர்ந்தது. சுவரின் நீல வண்ணம் அப்பளம் போலக் குமிழ்ந்து உதிர்ந்து கிடந்தது. தரையெல்லாம் கண்ணாடித் தூள். தாழ்வாரத்தின் நடுவில் ஒரு சக்கர நாற்காலி, அதில் தலையில்லாத பொம்மை. மிலானோவிலிருந்து கேமராவோடு வரும் பையன்கள் செய்யும் வேலை. பயமாக இருக்க வேண்டுமாம். அமெதேயோ அதற்கு மட்டும் நிஜமாகவே கோபப்படுவான். "அது அந்த நாற்காலியோட இடம் இல்ல நெரீனா. அது ஜன்னல் பக்கம்தான் இருக்கும்." ஒவ்வொரு ஞாயிறும் பொம்மையை எடுத்துப்போட்டு, நாற்காலியை ஜன்னலுக்குத் தள்ளிவிட்டுத்தான் படமெடுப்பானாம். அவள் பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாற்காலியைத் தள்ளினாள். எண்ணெய் போட்டது போல ஓசையில்லாமல் உருண்டது.

மூன்றாம் மாடியில் வரிசையாகக் கட்டில்கள். படத்தில் பார்த்த கட்டில் கடைசியில் இருந்தது. அதன் பக்கத்து ஜன்னல் திண்டில் நெரீனாவின் காப்பிக் கோப்பைகள் இரண்டு.

தங்க விளிம்பு போட்டவை. அவள் அம்மா கொடுத்தவை. ஆறில் இந்த இரண்டு காணாமல் போனதிலிருந்து ஜீனாவின் மேல்தான் சந்தேகம். ஒரு வருஷம் அவளுக்குக் கண்ணாடி டம்ளரில்தான் காப்பி ஊற்றியிருக்கிறாள்.

ஒரு கோப்பை காலி, அடியில் கறை காய்ந்திருந்தது. மற்றது விளிம்பு வரை நிறைந்து, மேலே ஆடை கட்டி, யாரும் வாய் வைக்காமல் இருந்தது. சர்க்கரைக் கரண்டி பக்கத்தில், அமெதேயோ வீட்டில் ஒருநாளும் செய்திராதபடி, காகிதத்துண்டின் மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

நெரீனா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தொடைமேல் கைகளை வைத்துக்கொண்டாள். எதிரே வெறும் சுவர். ஆள் உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, யாரோ வெகுகாலம் சாய்ந்து நின்றது போல. அந்த இடத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினாள்.

துல்லியோ கீழே இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் இறங்கி வந்தாள். கோப்பைகளை எடுக்கவில்லை.

"உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுது," என்றான் அவன். "யார்கிட்ட?"

"நாளைக்கு மூணு மணின்னு நேரம் சொன்னேன். வண்டியை எடு."

புகைப்படக் கடையில் பிரதி போட்டுத் திரையில் காட்டினார்கள். இப்போது பல் வெள்ளையாக இருந்தது, சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. மூலையில் விரல்.

"அதை வெட்டிடலாம்," என்றான் துல்லியோ. "எப்படியும் கல்லறைக்கு நீள்வட்டம்தான். மூலை தானாப் போயிடும்."

"சதுரமா போடச் சொல்லு."

"கல்லறைச் சுவர் முழுக்க நீள்வட்டம் சிஞோரா. இவரு மட்டும் சதுரமா?"

"இத்தனை வருஷத்துல அவரை ஒருத்திதான் ஒழுங்காப் படம் எடுத்திருக்கா. கூலியும் கேக்கல. அந்த விரலாவது இருக்கட்டும்."

சாயங்காலத்துக்குள் சுவரெல்லாம் அமெதேயோ சிரித்தான். ரொட்டிக் கடைக்கு எதிரே நின்றவர்கள், இவ்வளவு நல்ல பல்லா இவனுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பசையின் ஈரம் காயும் முன்பே ஊர் அவன் செத்ததை ஒப்புக்கொண்டது.

மறுநாள் மூன்று மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. பிள்ளையில்லாத வீடு. முதல் வரிசையில் நெரீனா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தன் கைப்பையை வைத்திருந்தாள். ஜீனா மூச்சிரைக்க வந்து பையைத் தூக்கப் போனாள்.

"தள்ளுடி, கால் வலிக்குது."

"இங்க ஆள் வருது."

"யாரு? உனக்குத்தான் யாருமில்லையே."

"பின்னாடி உக்காரு ஜீனா. நாளைக்கு வீட்டுக்கு வா. நல்ல கோப்பையில காப்பி தரேன்."

ஜீனா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் வரிசைக்குப் போனாள். பாதிரியார் தொடங்கினார். தூபப் புகை மெல்லச் சுருண்டு மேலே போயிற்று. இரண்டாவது பாட்டு பாடும்போது பெரிய கதவு ஒருமுறை திறந்து மூடியது. ஒருவரும் திரும்பவில்லை. பலகைத் தரையில் காற்று வந்தது.

நெரீனா பாட்டை நிறுத்தாமலே, பக்கத்திலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.